வன்னிக்கு ஒரு நாள் காணுமா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ஓகஸ்டில் கனடாவில் இருந்து இரண்டு கிழமை லீவில் வருகிறீர்கள். வன்னியில், முல்லைத்தீவுக்குக் கிட்ட உள்ள தண்ணீரூற்றில் பிறந்த அம்மாவும் கூட வருகிறா, முழங்கால் வலியோடு. யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் ஒரு வான் பிடித்து, விடிய வெளிக்கிட்டு, ஆனையிறவு, கிளிநொச்சி, முறிகண்டி, முல்லைத்தீவுக் கடற்கரை, வற்றாப்பளை அம்மன் கோயில் எல்லாம் காட்டி இரவே திருப்பிக் கொண்டுவந்து விடலாம் என்கிறார்கள். நீங்கள் ஆறுதலாக ஓரிடத்தில் இருந்து பார்க்கும் பயணங்களைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறீர்கள். "அது வன்னிக்குச் சரிப்படுமா, இல்லை அது வெறும் வெள்ளைக்காரரின் பாஷனா, அங்கே நாள்கணக்கில் இருந்து பார்க்க என்னதான் இருக்கு?" என்று கேட்கிறீர்கள்.

சரிப்படும். வேறு விதமாகப் போனால் வன்னி கண்ணிலேயே படாது என்றுகூடச் சொல்வேன். பாஷன் என்பதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 1986இல் ரோமில் மக்டொனால்ட்ஸ் கடை வருவதை எதிர்த்து இத்தாலியில் கிளம்பிய 'மெதுவான உணவு' இயக்கத்தின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் 'மெதுவான பயணம்' என்ற பேச்சும் வந்தது. சம்பளத்தோடு லீவு கிடைப்பவருக்குத்தான் அது வாய்க்கும். முல்லைத்தீவில் இருந்து கிளினிக்குக்காக யாழ்ப்பாணம் போகும் ஒருவரிடம் மெதுவான பஸ்ஸின் அழகைப் பற்றிக் கதைத்துப் பாருங்கள், நல்ல பேச்சு வாங்குவீர்கள். அதையும் மனதில் வைத்துக்கொண்டே மிச்சத்தைச் சொல்கிறேன்.

சொந்தக்காரரின் திட்டத்தையே எடுத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து பரந்தன் வழியாக முல்லைத்தீவுக்குப் போய்வர இருநூறு கிலோமீற்றருக்கு மேல். ஐந்து மணிக்கு வெளிக்கிடுவோம் என்றால் ஏழு மணிக்குத்தான் வான் படலையைத் தாண்டும், எங்கட ஆட்களைத் தெரியும்தானே. ஆனையிறவில் ஒரு படம், கிளிநொச்சியில் காலைச் சாப்பாடு, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய். முல்லைத்தீவுக் கடற்கரையில் இறங்கும்போது மத்தியானம். மணலில் கால் வைக்க ஏலாது. கரைவலை இழுத்தவர்கள் மீனை விற்றுவிட்டு வீட்டில் படுத்திருப்பார்கள். வற்றாப்பளைக்குப் போனால் நடை சாத்தியிருக்கும். நிழல் நீண்டு, மாடுகள் பட்டிக்குத் திரும்பும் வேளையில் நீங்கள் திரும்பவும் பெரிய ரோட்டில் லொறிக்குப் பின்னால் நிற்பீர்கள்.

வன்னியில் வெயில் காலத்து ஒரு நாளில் பார்க்கத்தக்க நேரம் இரண்டுதான். விடிய ஐந்தரையில் இருந்து ஒன்பது மணி வரை. பின்னேரம் நாலு மணியில் இருந்து பொழுதுபடும் வரை. வான்காரத் திட்டம் இந்த இரண்டு துண்டையும் தார் ரோட்டுக்குக் கொடுத்துவிட்டு, நடுவில் இருக்கும் கொளுத்தும் வெயிலை மட்டும் உங்களுக்குக் காட்டுகிறது. அப்படிப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான் "வன்னியில் என்ன கிடக்கு, காடும் புழுதியும்தான்" என்கிறார்கள். அவர்கள் பார்த்தது அதைத்தான், பொய் சொல்லவில்லை.

அதனால் எந்தெந்த இடத்துக்குப் போகலாம் என்ற பட்டியலைத் தூக்கி வைத்துவிட்டு, எந்த வேளையில் எங்கே நிற்கலாம் என்று யோசியுங்கள். கண்டியில் மாளிகை இருக்கிறது, சிகிரியாவில் குன்று இருக்கிறது. எத்தனை மணிக்குப் போனாலும் அவை அங்கேயே இருக்கும். வன்னியில் பார்க்க இருப்பவை பெரும்பாலும் நடப்பவை. குளத்தில் தண்ணீர் ஏறும், இறங்கும். நெல்லுச் சூடு மிதிப்பார்கள். பாலைமரம் பழுக்கும். சோளகக் காற்று அடிக்கும். நடக்கிற நேரத்தில் நீங்கள் அங்கே நிற்க வேண்டும்.

முதலில் குளத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் குளம் விளங்கினால் பாதி வன்னி விளங்கிவிடும். இரணைமடு வட மாகாணத்தின் பெரிய குளம். கனகராயன் ஆற்றை மறித்து, கடந்த நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் கட்டியது. அண்மையில் கட்டை உயர்த்தியபிறகு முப்பத்தாறு அடி வரை தண்ணீர் நிற்கும். இருபதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல் அதை நம்பி இருக்கிறது. இதையெல்லாம் பலகையில் வாசித்து, கட்டில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் இறங்கிவிடலாம். பெரும்பாலானோர் செய்வது அதைத்தான்.

விடிய ஆறு மணிக்குக் குளக்கட்டில் நடந்து பாருங்கள். ஓகஸ்டில் தண்ணீர் நன்றாக இறங்கியிருக்கும். மாரியில் மிஞ்சிய தண்ணீர் வான் கதவுகளால் பாய்ந்து கட்டே அதிர்ந்த குளமா இது என்று தோன்றும். தண்ணீர் விட்டுப்போன அலைகரையில் புல் முளைத்து, பட்டி மாடுகள் அங்கே மேய்ந்துகொண்டு நிற்கும். அவற்றின் காலடியில் கிளம்பும் பூச்சிகளுக்காகக் கொக்குகள் பின்னால் நடக்கும். வலைகாரர் இரவு போட்ட வலையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வருவார்கள். சைக்கிளில் பெட்டி கட்டிய வியாபாரிகள் அந்த இடத்திலேயே மீனை நிறுத்து வாங்குவார்கள். பெரும்பாலும் யப்பான் மீன் எனும் திலாப்பியாதான், அதிர்ஷ்டம் இருந்தால் விரால். கட்டுக்கு மற்றப் பக்கம் துருசு என்ற மதகில் இருந்து வாய்க்கால் போகும். சிறுபோக வயல் மஞ்சளாகி வெட்டுக்கு நிற்கும், அல்லது மெசின் இறங்கியிருக்கும். சில இடங்களில் ரோட்டின் ஒரு பாதியில் நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள். வானில் போகிறவருக்கு அது இடைஞ்சல். அந்த நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டு நிற்கும் அம்மாவோடு கதைக்க நேரம் உள்ளவருக்கு, அந்த வருடத்து விலையும் கடனும் பன்றித் தொல்லையும் ஒரு அரை மணித்தியாலத்தில் விளங்கிவிடும்.

நெல் நிற்கும் பரப்பை வைத்தே பெரிய கதை ஒன்றை வாசிக்கலாம். காலபோகம் மழையை நம்பியது, எல்லோரும் விதைப்பார்கள். சிறுபோகம் முழுக்கக் குளத்துத் தண்ணீரில். தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து, அரச அதிபர் தலைமையில் கமக்காரர் கூட்டம் கூடி, இந்த முறை இவ்வளவு ஏக்கர்தான் என்று தீர்மானிப்பார்கள். தண்ணீர் குறைந்த வருடத்தில் ஆளுக்கு ஒரு பங்குதான். அதனால்தான் பச்சையும் வெறும் தரையும் மாறிமாறிக் கிடக்கும். தேத்தண்ணிக் கடையில் "எத்தினை அடி நிக்குது?" என்று ஒருவர் கேட்டால் வேறு விளக்கம் தேவையில்லை, எல்லோரும் குளத்தைத்தான் நினைப்பார்கள். ஒரு நாள் நின்றவருக்கு இரணைமடு வெறும் நீர்ப்பரப்பு. மூன்று நாள் நின்றவர் தானும் "எத்தினை அடி?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்.

எல்லாக் குளமும் இரணைமடு மாதிரிப் பெரிதில்லை. வவுனிக்குளம், முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, அக்கராயன் எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்க்கத் தேவையும் இல்லை. ஒன்றை மூன்று விடியலில் பாருங்கள்.

கடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முல்லைத்தீவு கிழக்குக் கரை, சூரியன் கடலில் இருந்து எழும்பும். வாடைக்காற்று தொடங்குமுன் கரைவலைக்காலம், ஆகவே ஓகஸ்டில் விடியக் காலை போனால் வலை வளைத்து இழுப்பதைப் பார்க்கலாம். முந்தி அம்பாப் பாட்டுப் பாடிக் கையால் இழுப்பார்கள். உழவு இயந்திரம் பூட்டி இழுக்கும் இடங்களும் இப்போது உண்டு, அது சரியா பிழையா என்று மீனவருக்குள்ளேயே வாக்குவாதமும் உண்டு. கை கொடுக்கக் கூப்பிட்டால் போங்கள். கூப்பிடாமல் கமராவோடு கயிற்றுக்கு நடுவில் போய் நிற்காதீர்கள். கொக்கிளாய், சுண்டிக்குளம் பக்கத்து வலசைப் பறவைகளுக்கு உங்கள் காலம் முந்திவிட்டது. அவை ஒக்டோபருக்குப் பிறகுதான் கூட்டமாக வரும்.

வெள்ளைக்காரரின் பாஷனா என்று கேட்டதற்கு இன்னொரு பதிலும் உண்டு. ஆறுதலாகப் போவதை எங்கட ஆட்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை, அது எங்கட கோயில்களிலேயே இருக்கிறது. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வெளிக்கிட்டு கதிர்காமம் வரை நடக்கும் பாதயாத்திரை வன்னிக்குள்ளால்தான் போகிறது. வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டு, முல்லைத்தீவால் இறங்கி, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, உகந்தை, பிறகு குமுனைக் காடு. வாரக்கணக்கில் நடை. வெயில் ஏறுமுன் நடந்து, மத்தியானம் மரத்தடியிலோ மடத்திலோ படுத்து, பின்னேரம் திரும்ப நடப்பார்கள். நான் மேலே சொன்ன இரண்டு துண்டு நேரக் கணக்கை அவர்களுக்கு ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை. வழியில் உள்ள ஊர்கள் சோறு போடும். யுத்தத்தில் பல வருடம் இந்த நடை அறுந்துபோய்க் கிடந்தது, இப்போது திரும்பவும் நடக்கிறது.

வற்றாப்பளைப் பொங்கலையே பாருங்கள். வைகாசியில் ஒரு திங்கட்கிழமை இரவு இலட்சக்கணக்கில் சனம் வந்து போகும். ஆனால் அது ஒரு இரவுத் திருவிழா இல்லை. பாக்குத் தெண்டல் என்ற சடங்கில் தொடங்கும். பிறகு சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, அந்த உப்புத் தண்ணீரில் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்கேற்றி, நாள்கள் கழித்துத்தான் அம்மனிடம் போகும். ஊரவர்களுக்குப் பொங்கல் என்றால் அந்த நாள்கள் முழுவதும்தான். ஓகஸ்டில் இது உங்களுக்குக் கிடைக்காது. உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், அவ எனக்கும் மேலாகச் சொல்லுவா.

மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயிலும் அப்படித்தான். 1670இல் ஒல்லாந்தரின் கெடுபிடிக்குப் பயந்து மாந்தைக் கத்தோலிக்கர் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனதில் தொடங்கிய இடம் அது. முந்தி மாட்டு வண்டி கட்டிக்கொண்டு குடும்பமாக வந்து, மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டு, நாள்கணக்கில் சமைத்துச் சாப்பிட்டு இருந்துவிட்டுத்தான் திரும்புவார்கள். சைவக்காரரும் வருவார்கள், சிங்களவரும் வருவார்கள். இன்றைக்கு வண்டிக்குப் பதிலாக உழவு இயந்திரமும் பஸ்ஸும். ஆனால் ஓகஸ்ட் 15 திருநாளுக்கு முன்னமே வந்து தறப்பாள் கட்டி இருக்கும் பழக்கம் போகவில்லை.

இவ்வளவும் ஏன், கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் அவசரக்காரரே முறிகண்டியில் நிற்பார்கள். எந்தக் கொம்பன் சாரதியும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் அந்த இடத்தைத் தாண்டமாட்டான். கச்சான் வாங்கி, பிளேன்ரீ குடித்து, காலை நீட்டி நின்றுவிட்டுத்தான் மிச்ச ரோட்டு. நாங்கள் நடுவழியில் நிற்கப் பழகிய ஆட்கள்தான்.

இனி, சொல்லாமல் விட ஏலாத விசயம். வன்னிச் சனம் மெதுவாகப் போனதெல்லாம் விரும்பிப் போனதில்லை. யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது, மிச்சம் எல்லாம் சைக்கிள். 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர்கள் சாமான் கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 திரும்பப் பூட்டுப்பட்டது. 2008, 2009இல் மன்னார்ப் பக்கத்தில் இருந்து தொடங்கி, கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒவ்வொரு ஊராகத் தறப்பாளைக் கழற்றி, நடந்து, திரும்பக் கட்டினார்கள். அந்த ரோட்டின் ஒவ்வொரு வளைவும் அவர்களுக்கு வேறு கணக்கில் தெரியும். அவர்களுக்கு முன்னால் "நடந்து பார்ப்பதில்தான் சுகம்" என்று கதைக்கும்போது குரலைக் கொஞ்சம் இறக்கிக் கொள்ளுங்கள்.

யுத்தம் முடிந்த முதல் ஆண்டுகளில் தெற்கில் இருந்து பஸ் பஸ்ஸாக வந்து, கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியோடு நின்று படம் எடுத்துப் போனார்கள். எங்கட வெளிநாட்டுப் பிள்ளைகள் சிலரும் வேறு நோக்கத்தோடு அதே வேகத்தில் வந்து போகிறார்கள்: முள்ளிவாய்க்காலில் இறங்கி, ஒரு படம், ஒரு கண்ணீர், வான். முல்லைத்தீவுக்குப் போகும் வழியில் வட்டுவாகல் பாலம் வரும். நந்திக்கடலுக்கு மேலால் போகும் தாழ்ந்த, ஒடுங்கிய பாலம். வான் அதை ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். யுத்தம் முடிந்த 2009 மே மாதம் அந்தப் பாலத்தால் நடந்து வந்தவர்கள் பக்கத்து ஊர்களிலேயே கடை வைத்திருக்கிறார்கள், வயல் செய்கிறார்கள். நீங்கள் கேட்காதீர்கள். முதல் நாள் வந்தவரிடம் அந்தக் கதை வராது, வரவும் தேவையில்லை. நாலாம் நாள் தேத்தண்ணி குடிக்கும்போது தானாக ஒரு வரி வரலாம். வந்தால் கேட்டுக்கொண்டிருங்கள், போனை வெளியில் எடுக்காதீர்கள். தங்கி இருக்கும் பயணத்துக்கு வன்னியில் இருக்கும் மிகப் பெரிய நியாயமாக நான் நினைப்பது இதை.

தங்குவது என்றதும் இன்னொரு பக்கம். வெளிநாட்டில் இருந்து வந்தவர் ஆறுதலாக இருக்கிறார் என்றால் யாரோ ஒருவர் குசினியில் ஆறுதல் இல்லாமல் நிற்கிறார் என்று அர்த்தம். உங்கள் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி வீட்டில் இறங்கினால், அவ விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவிப்பா, கடனுக்காவது கோழி வாங்குவா, நீங்கள் "ஒண்டும் வேண்டாம் சித்தி" என்று எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டா. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று பெரியவர்கள் சொன்னது இந்தப் பக்கத்தை யோசித்துத்தான். அதையே கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்: சொந்தக்காரர் வீட்டில் மூன்று நாள், அதற்கு மேல் என்றால் பக்கத்தில் ஒரு அறை எடுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவில் சாதாரண விடுதிகள் உண்டு. காசைக் கையில் திணித்தால் கோபிப்பா. அரிசி, மீன், மரக்கறி என்று நீங்களே சந்தையில் வாங்கிக்கொண்டு வந்து வையுங்கள். ஒரு நாள் எல்லோரையும் 'அம்மாச்சி' உணவகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். விவசாயத் திணைக்களம் தொடக்கி, பெண்கள் குழுவாக நடத்தும் கடைகள் அவை. குரக்கன் புட்டும் உழுந்து வடையும் கண்ணுக்கு முன்னாலேயே செய்து தருவார்கள். சித்திக்கும் ஒரு நேரம் அடுப்புக்கு லீவு.

என் யோசனை இப்படி. இரண்டு கிழமையில் ஆறு ஏழு நாளை வன்னிக்கு ஒதுக்குங்கள், இரண்டு இடத்தில் மட்டும் தங்குங்கள். கொழும்பில் இருந்து ரயிலில் வாருங்கள். 1990இல் நின்றுபோன ரயில் 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் திரும்ப வந்தது. ஓமந்தை தாண்டியபிறகு யன்னலோரம் இருந்தால் புளியங்குளம், மாங்குளம் காடுகளை ரோட்டை விட ரயிலில்தான் நன்றாகப் பார்க்கலாம். கிளிநொச்சியில் இறங்கி மூன்று நாள் இரணைமடுப் பக்கம். பிறகு தண்ணீரூற்றுக்குப் போங்கள், வானை விட்டு இ.போ.ச. என்ற அரச பஸ்ஸில். மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு ரோட்டு ஐம்பது கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். ஒட்டுசுட்டானில் இறங்கித் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு, பக்கத்தில் கற்சிலைமடுவில், ஆங்கிலேயரோடு சண்டை பிடித்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனின் நினைவுக்கல்லையும் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். 1803 ஒக்டோபர் 31இல் அவனைத் தோற்கடித்ததாக ஆங்கிலேயன் நட்ட கல், இன்றைக்கு அவனுக்கே நினைவிடம். அடுத்த பஸ் எப்போது என்று தேத்தண்ணிக் கடையில் கேளுங்கள், கூகுளில் கேட்காதீர்கள்.

தண்ணீரூற்றில் ஒரு சைக்கிளை இரவல் வாங்குங்கள், எல்லா வீட்டிலும் ஒரு லுமாலா சாத்தி வைத்திருக்கும். ஆனால் நினைத்த பக்கம் காட்டுக்குள் விடாதீர்கள். மிதிவெடி அகற்றும் வேலை பல வருடமாக நடக்கிறது, இன்னும் முற்றாக முடிந்த வேலை இல்லை. சிவப்புப் பலகையைக் கண்டால் திரும்புங்கள். பலகை இல்லாத இடத்திலும் ஊரவரின் சைக்கிள் தடம் போகாத பாதையில் நீங்களும் போகவேண்டாம். பாலைப்பழம் கடைசிப் பருவத்தில் இருந்தால் ரோட்டோரத்தில் வாங்கிச் சாப்பிடுங்கள், பறிக்கப் போகாதீர்கள். பொழுதுபட்டபிறகு காட்டு ரோட்டில் யானை நிற்கும், ஆறு மணிக்கு முன்னம் வீட்டில் இருங்கள். ராணுவ முகாம்களைப் படம் எடுக்கவேண்டாம், அனுமதி இல்லாமல் ட்ரோன் கொண்டுவரவே வேண்டாம். சோளகத்துப் புழுதிக்கு ஒரு துவாய், நுளம்புக்கு மருந்து, காதை மூடும் தொப்பி. இவ்வளவும் போதும்.

அம்மாவை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. இந்த மாதிரிப் பயணத்தில் உங்களை விட அவவுக்குத்தான் வசதி. வானில் நாள் முழுக்க மடக்கி வைத்தால்தான் முழங்கால் பிடிக்கும். விறாந்தையில் ஒரு கதிரையைப் போட்டு விடுங்கள், கூடப் படித்தவர்கள் எல்லோரும் தேடிக்கொண்டு வருவார்கள். வெளியே போவதற்கு ஊர் ஓட்டோக்காரர் ஒருவரை நாள் கூலிக்குப் பேசுங்கள். விடிய அவவை வற்றாப்பளைக்குக் கூட்டிக்கொண்டு போனால் சனம் இருக்காது, நந்திக்கடல் பக்கத்துக் காற்றும் சுடாது. மடுவுக்கு மட்டும் ஓகஸ்ட் 15 அன்று அவவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், அந்தச் சனத்தில் நிற்க முழங்கால் விடாது. கட்டாயம் வரவேண்டும் என்று நின்றா என்றால், திருநாள் முடிந்து நாலைந்து நாள் கழித்து, கொட்டில்களெல்லாம் கழற்றியபிறகு போங்கள். மடு ரோட் ஸ்டேசன் வரை தலைமன்னார் ரயில் இருக்கிறது, அங்கிருந்து கோயிலுக்கு ஓட்டோ கிடைக்கும்.